கொத்தனாரின் கயிறும் தேற்றத்தின் மறுதலையும்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளைகள் பெரும்பாலும் பிறமொழி வாயிலாகவே கணிதம் பயில்கின்றனர். அதனால் வடிவகணிதச் சொற்கள் அவர்களுக்கு மனப்பாடமாகின்றனவேயன்றிப் பொருள் உணர்த்துவதில்லை. இக்குறையை நான் என் வீட்டிலேயே கண்டேன். கலைப் பிரிவில் பட்டம் பெற்று, மத்திய அரசின் சுற்றறிக்கைகளை மொழிபெயர்த்துக் காலங் கழிக்கும் நான் கணிதம் பேசத் துணிந்தது அதனாலேதான். நேயர்கள் பொறுத்தருள்க.

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் மகள் ஒருநாள் கண் கலங்கியவளாய் விடைத்தாளை நீட்டினாள். "ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 3, 4, 5 அலகுகள். அது செங்கோண முக்கோணமா? காரணம் தருக" என்பது வினா. "ஆம், பிதாகரஸ் தேற்றத்தின்படி" என்று எழுதியிருந்தாள். காரணத்திற்குரிய மதிப்பெண் வழங்கப்படவில்லை. "விடை சரிதானே, அப்பா? இனி எனக்குக் கணக்கே வேண்டாம்" என்றாள். எனக்கும் அது அநீதியாகவே தோன்றிற்று.

அவ்வாரத்திலேயே வீட்டின் பின்புறம் ஓர் அறை எழுப்பத் தொடங்கினோம். மார்த்தாண்டத்திலிருந்து வந்த கொத்தனார் மூலையில் ஒரு முளையடித்து, அதிலிருந்து இரண்டு கயிறுகளை இழுத்துக் கட்டினார். ஒன்றில் 3 அடியிலும் மற்றதில் 4 அடியிலும் குறியிட்டார். பிறகு இரு குறிகளுக்கும் இடையே அளவு நாடாவைப் பிடித்து, சரியாக 5 அடி வரும்வரை ஒரு கயிற்றை மெல்ல நகர்த்தினார். "மூலை மட்டமாச்சு, சார்" என்றார். என் மகள் வியந்து நின்றாள். அவளுடைய தேர்வு வினாவே மண்ணில் வரையப்பட்டிருந்தது.

பிதாகரஸ் தேற்றம் கூறுவது யாது? ஒரு முக்கோணம் செங்கோணமுடையதாயின், செங்கோணத்தை அடுத்த இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் கிடைக்கும் என்பதாம். கொத்தனார் செய்ததோ இதன் எதிர்த்திசைச் செயல். அவரிடம் செங்கோணம் இல்லை, அளவுகளே இருந்தன. அளவுகளிலிருந்து அவர் செங்கோணத்தைப் பெற்றார். இவ்வாறு, தேற்றத்தின் "ஆயின்" என்ற சொல்லுக்கு முன்னுள்ளதைப் பின்னும், பின்னுள்ளதை முன்னும் மாற்றிக் கூறுவதை மறுதலை என்கிறோம். தேற்றம் மெய்யாவதனால் மட்டும் மறுதலையும் மெய்யாகிவிடாது. திருவனந்தபுரத்தில் வசிப்பவர் கேரளத்தில் வசிப்பவரே; கேரளத்தில் வசிப்பவர் அனைவரும் திருவனந்தபுரத்தில் வசிப்பவரல்லர். சதுரத்தின் நான்கு பக்கங்களும் சமம். நான்கு பக்கங்களும் சமமான உருவம் சதுரமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, சாய்சதுரமாகவும் இருக்கலாம். என் மகள் மறுதலையைப் பயன்படுத்திவிட்டுத் தேற்றத்தின் பெயரை எழுதியிருந்தாள். மதிப்பெண்ணைக் குறைத்த ஆசிரியர் செய்ததே முறை.

நல்வாய்ப்பாக, இத்தேற்றத்தின் மறுதலை மெய்யே. செங்கோணத்தை அடுத்து 3, 4 அலகுப் பக்கங்களுடைய வேறொரு முக்கோணத்தை வரைவோம். தேற்றத்தின்படி அதன் கர்ணம் 5. ஆகவே அதன் மூன்று பக்கங்களும் நம் முக்கோணத்தின் மூன்று பக்கங்களுக்குச் சமம். மூன்று பக்கங்களும் முறையே சமமாயின் முக்கோணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். எனவே நம் முக்கோணத்திலும் செங்கோணம் உண்டு.

அப்படியானால் தேற்றத்தையே எவ்வாறு நம்புவது? அளவுகோல் கொண்டு அளப்பது நிறுவல் ஆகாது. அளந்த ஒரு முக்கோணத்திற்கே அது சான்று. மலையாள நாட்டிலேயே இதற்கு அழகானதொரு விடை உண்டு. ஏறத்தாழ 1530 ஆம் ஆண்டளவில் ஜ்யேஷ்டதேவர் "யுக்திபாஷை" என்னும் நூலை இயற்றினார். அக்காலத்துக் கணித நூல்கள் பெரும்பாலும் சமஸ்கிருதச் செய்யுளில் விதிகளை மட்டும் கூற, இவரோ மலையாள உரைநடையில் ஒவ்வொரு விதிக்கும் காரணத்தைக் கூறினார். நூலின் பெயரிலுள்ள யுக்தி என்பதே அக்காரணந்தான். அவருக்கு மூத்தவரான நீலகண்ட சோமயாஜி ஆரியபடீயத்திற்கு எழுதிய உரை, 1930 முதல் 1957 வரை மூன்று பகுதிகளாக நம் திருவனந்தபுரத்துச் சமஸ்கிருத நூல்வரிசையில் அச்சேறியது.

யுக்திபாஷையின் வழியை ஏறக்குறைய ஒட்டி, ஓர் அட்டையைக் கொண்டு பிள்ளைகளே செய்து பார்க்கலாம். 4 அங்குலச் சதுரமொன்றும், அதன் வலப்புறம் ஒட்டி 3 அங்குலச் சதுரமொன்றும், அடிப்பக்கங்கள் ஒரே கோட்டில் அமையுமாறு சேர்த்து வெட்டிக்கொள்க. அடிக்கோட்டின் நீளம் 7 அங்குலம். இடமுனையிலிருந்து 3 அங்குலத்தில் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து பெரிய சதுரத்தின் இட மேல்மூலைக்கும், சிறிய சதுரத்தின் வல மேல்மூலைக்கும் கோடுகள் வரைந்து வெட்டுக. இரண்டு செங்கோண முக்கோணங்கள் பிரியும். இடப்பக்கத்து முக்கோணத்தைச் சிறிய சதுரத்தின் மேலும், வலப்பக்கத்து முக்கோணத்தைப் பெரிய சதுரத்தின் மேலும் திருப்பாமல் நகர்த்தி வைத்தால், பக்கங்கள் நான்கும் கர்ணமாக உள்ள ஓர் உருவம் கிடைக்கும்.

அது சாய்சதுரமன்று, சதுரமே என்பதற்கு என்ன சான்று? இங்கேதான் என் மகள் தானாகவே நின்று சிந்தித்தாள். வெட்டு தொடங்கிய புள்ளியில் மூன்று கோணங்கள் நேர்கோட்டின்மேல் அமைகின்றன. ஓரங்களில் உள்ள இரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரு குறுங்கோணங்கள். கூட்டினால் 90 பாகை. எஞ்சியது 90 பாகை. நான்கு பக்கமும் சமமாய், ஒரு கோணம் செங்கோணமாயின் அது சதுரமே. 3, 4 என்ற எண்களை எவ்விடத்தும் நாம் காரணமாகக் கொள்ளவில்லை; ஆகையால் எல்லாச் செங்கோண முக்கோணத்திற்கும் இது பொருந்தும்.

சொற்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். அது என் தொழில். தேறுதல் என்றால் தெளிதல். அதினின்று வந்தது தேற்றம். செங்கோணம் சிவப்பு நிறத்ததன்று. செங்கோல், செங்குத்து என்பவற்றில் உள்ள செம்மை, அதாவது நேர்மை, அது. மலையாளப் பாடநூல் அதையே "மட்டகோண்" என்னும்; கொத்தனார் சொன்ன மட்டமும் அதுவே. வட்டத்தின் ஆரம் இரு மொழிக்கும் பொது. நம் நாண் அங்கே "ஞாண்".

நாணுக்குச் சமஸ்கிருதத்தில் ஜ்யா, ஜீவா என்று பெயர். ஜீவாவை அராபியர் ஒலி மாறாமல் "ஜீபா" என எழுதினர். அராபிய எழுத்தில் குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படாமையால், பின்வந்தோர் அதை மடிப்பு அல்லது மார்பகம் எனப் பொருள்படும் "ஜைப்" என்று படித்தனர். 12 ஆம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்த்தோர் அப்பொருளையே கொண்டு "ஸைனஸ்" என்றனர். இன்று உலகப் பள்ளிகளெல்லாம் "சைன்" என்று ஓதுவது அதையே. மொழிபெயர்ப்பாளர் பிழை இத்தனை நூற்றாண்டு நீடித்ததைக் காணும்போது என் சுற்றறிக்கைகளை எண்ணிச் சற்றே அஞ்சுகிறேன்.

இதைக் கேட்ட மகள், "வில் இருக்கிறது, நாண் இருக்கிறது, அம்பு எங்கே, அப்பா?" என்றாள். அதுவும் உண்டு. நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்குச் செல்லும் கோட்டைப் பழைய நூல்கள் சரம் என்கின்றன. சரம் என்றால் அம்பு. விடைத்தாளின் பின்புறத்திலேயே அதை வரைந்து காட்டினேன்.