ஒரு தொழிற்பெயர் எதைச் சொல்கிறது? 1798-ஆம் ஆண்டுப் பக்கிங்காம்ஷயர் ஆள்பட்டியலும் அக்காலக் கைவினைஞர்களும்

முன்னுரை

இங்கிலாந்தின் ஊரகக் கைவினைஞர்களைப் பற்றி ஆராய்வோர்க்குக் கிடைக்கும் சான்றுகளுள் பெரும்பகுதி பட்டியல்களே. அவற்றை எழுதியோர்க்குக் கைத்தொழிலின்மீது தனி அக்கறை ஏதும் இருந்ததில்லை. படைக்கு ஆள் தேவைப்பட்டபோது எழுதினர். வரி தண்ட வேண்டியபோது எழுதினர். குளோஸ்டர்ஷயரில் 1608-இல், பெர்க்லி பிரபுவின் காரியத்தலைவராக இருந்த ஜான் ஸ்மித், பிரிஸ்டல் நகரம் நீங்கலாக அக்கவுண்டி முழுவதிலும் போர்புரியத் தக்க ஆண்கள் 19,000 பேருக்கு மேற்பட்டோரை அவரவர் தொழிலோடு பதிவு செய்தார். நார்த்தாம்ப்டன்ஷயரில் 1777-இல் எழுதப்பட்ட ஊர்ப்படைப் பட்டியல் 18 முதல் 45 வயதுக்குட்பட்ட ஆண்களைக் காட்டுகிறது. பக்கிங்காம்ஷயரில் 1798-இல் தொகுக்கப்பட்ட ஆள்பட்டியல் இவ்வகையில் மூன்றாவது.

இக்கட்டுரை மூன்றாவது பட்டியலை எடுத்துக்கொள்கிறது. அக்கவுண்டியின் தென்பகுதியில் வளர்ந்த நாற்காலித் தொழிலையும் வடபகுதியில் நிலவிய லேஸ் பின்னலையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஒரு தொழிற்பெயரை எண்ணிக்கைக்குரிய அலகாகக் கொள்வதில் உள்ள இடர்ப்பாடு தெளிவாகும்.

பட்டியல் உருவான சூழல்

பிரெஞ்சுப் படையெடுப்பு நேரலாம் என்ற அச்சம் இங்கிலாந்தில் பரவியிருந்த காலம் அது. பாசி காமிடேட்டஸ் என்னும் இலத்தீன் தொடர் கவுண்டியின் ஆள்வலிமையைக் குறிக்கும். தேவை நேருங்கால் ஷெரிப் திரட்டத்தக்க ஆண்கள் அனைவரையும் அது உள்ளடக்கும். ஏற்கெனவே படைப்பணியில் இல்லாத, 15 முதல் 60 வயது வரையிலான ஆண்களின் பெயரும் தொழிலும் ஊர்தோறும் எழுதப்பட்டன. குதிரைகள், வண்டிகள், மாவாலைகள் ஆகியவற்றின் கணக்கும் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 23,500 பெயர்கள் இதில் உள்ளன. ஒரு கவுண்டி முழுமைக்குமாக எஞ்சியுள்ள இத்தகைய பட்டியல் இது ஒன்றே என்பதால் ஆய்வாளர்கள் இதனைப் பெரிதும் மதிக்கின்றனர். இயன் பெக்கெட் பதிப்பித்த நூல்வடிவம் 1985-இல் வெளிவந்தது.

முதல் மக்கட்கணக்கெடுப்பு 1801-இல்தான் நிகழ்ந்தது. அதிலும் தொழில் பற்றிய வினா வேளாண்மை, வணிகமும் கைத்தொழிலும், பிற என்னும் மூன்று பெட்டிகளோடு நின்றுவிட்டது. பெண்களையும் சிறுவரையும் எப்பெட்டியில் இடுவது என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு நேர்ந்தமையால் அவ்விடைகள் பயனற்றுப்போயின. ஆகவே ஆள்தோறும் தொழிலைச் சொல்லும் 1798-ஆம் ஆண்டுப் பட்டியலின் மதிப்பு இன்னும் கூடுகிறது. எனினும் அதன் நோக்கம் போர் என்பதை மறத்தலாகாது. எழுதியவர்க்கு வேண்டியிருந்தது ஓர் ஆளை அடையாளங்காட்டும் ஒற்றைச் சொல். அவ்வாள் ஆண்டு முழுதும் எவ்வெவ் வேலைகளால் உயிர்வாழ்ந்தார் என்பது அவருக்குத் தேவையற்ற செய்தி.

பெயர்களைப் பொருள்கொள்ளுதல்

பட்டியலில் மிகுதியாகக் காணப்படும் சொற்கள் ‘லேபரர்’, ‘சர்வன்ட்’ என்னும் இரண்டு. பின்னதை வீட்டு வேலையாள் என்று தமிழாக்குவது பொருந்தாது. ஊரகச் சூழலில் அது பெரும்பாலும் ஓராண்டு ஒப்பந்தத்தில் பண்ணையாரின் இல்லத்திலேயே உண்டு உறைந்து வேலைசெய்த இளைஞரைக் குறித்தது. முன்னது நாட்கூலிக்கோ வேலையளவுக்கேற்ற கூலிக்கோ உழைத்தவரைக் குறிக்கும். ‘கார்ட்வெய்னர்’ என்பவர் புதுத்தோலில் காலணி செய்பவர். பழையதைச் செப்பனிடுபவர்க்கு வேறு பெயர் உண்டு. ‘விக்சுவலர்’ என்பது உணவு விற்பவர் போல ஒலித்தாலும், நடைமுறையில் மதுக்கடை நடத்துபவரையே சுட்டியது.

மரவேலைப் பெயர்களில் இச்சிக்கல் மேலும் கடினமாகிறது. தமிழில் தச்சர் என்னும் ஒரே சொல் தாங்கும் பரப்பை ஆங்கிலம் பல பெயர்களாகப் பிரித்துவைத்திருந்தது: கூரையும் சட்டமும் அமைப்பவர், கதவும் பெட்டியும் பொருத்துபவர், சக்கரம் செய்பவர், மிடாக் கட்டுபவர், கடைசல் பிடிப்பவர், குழியில் மரம் அறுப்பவர் என ஒவ்வொருவர்க்கும் ஒரு பெயர். 1563-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்கியிருந்தது. அவ்விதி 1814-இல் நீக்கப்படும்வரை இப்பெயர்களுக்குச் சட்டவழிப் பொருளும் இருந்தது. ஆனால் சட்டம் பிரித்த முறையும் பட்டறை பிரித்த முறையும் ஒன்றல்ல. நாற்காலித் தொழில் இதற்குத் தக்க சான்று.

நாற்காலி செய்தோர்

சில்டர்ன் குன்றுகள் சுண்ணாம்புப் பாறையால் ஆனவை. அங்கே பீச் மரம் அடர்ந்து வளரும். ஹை விக்கம் நகரை நடுவாகக் கொண்டு அப்பகுதியில் செழித்தது வின்ட்சர் நாற்காலித் தொழில். இந்நாற்காலியின் அமைப்பே தொழிற்பிரிவினைக்கு இடந்தருவது: தடித்த ஒற்றைப் பலகை இருக்கை, அதன் அடிப்புறத் துளைகளில் கால்கள், மேற்புறத் துளைகளில் முதுகுக் குச்சிகளும் வளைசட்டமும். காலும் முதுகும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆதலால் உறுப்புகளை வெவ்வேறிடங்களில் வெவ்வேறு கைகள் செய்து இறுதியில் ஒன்றுசேர்க்க முடிந்தது.

கால்கள் காட்டிலும் காட்டோரச் சிற்றூர்களிலும் உருவாயின. கடைசற்காரர் நின்ற மரங்களை விலைக்கு வாங்கி, வெட்டி, காலளவுத் துண்டுகளாக அறுப்பார். ஈரமரத்தைக் கொட்டாப்புளியும் ஆப்பும் கொண்டு பிளப்பார். பிளவு மரத்தின் நாரோட்டத்தைப் பின்பற்றிச் செல்வதால், அறுத்தெடுத்த காலைவிட பிளந்தெடுத்த கால் எளிதில் ஒடியாது. பின்னர்க் கோடரியால் செதுக்கி, மிதித்தால் இறுகப் பற்றும் ஓர் இருக்கைப் பலகையில் கால்பரப்பி அமர்ந்து, இருபுறமும் பிடியுள்ள கத்தியால் உருட்டுவார்.

அடுத்தது கடைசல். தலைக்கு மேலே வளையத்தக்க நெடுங்கழி ஒன்று. அதிலிருந்து இறங்கும் கயிறு மரத்துண்டைச் சுற்றி மிதிபலகையைச் சேரும். மிதிக்கும்போது துண்டு உளியை நோக்கிச் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து அதனை எதிர்த்திசையில் திருப்பும். எனவே மிதியின்போது மட்டுமே உளி வெட்டும். நேரத்தில் பாதி வீணாகிறதே என்று தோன்றலாம். ஆனால் இப்பொறியைக் காட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். பாரமான அடிமரத்தை நகருக்கு இழுத்துச்செல்ல வேண்டியதில்லை. வேலை முடித்த கால்களை மட்டும் வண்டியில் அனுப்பினால் போதும். கழியும் மிதிபலகையும் இயந்திரக் காலத்திலும் நெடுநாள் நீடித்ததற்குப் பழைமைப்பற்றைவிட இந்தப் போக்குவரத்துக் கணக்கே தகுந்த விளக்கம் எனக் கருதுகிறேன்.

ஈரத்தில் கடைந்த கால் உலரும்போது ஒருபுறம் மிகுதியாகச் சுருங்கி, வட்டம் சிறிது நீள்வட்டமாகும். பழைய கால் ஒன்றை இருதிசையிலும் அளந்தால் அது பச்சைமரத்தில் கடையப்பட்டதா என்பதை அறியலாம். விற்பனைக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. ‘குரோஸ்’ என்பது 144. ஆனால் கால்கடைவோரின் குரோஸில் 144 கால்களோடு அவற்றை இணைக்கும் 108 குறுக்குக் கட்டைகளும் அடங்கும். ஒரு நாற்காலிக்கு நான்கு கால், மூன்று கட்டை என்று கொண்டால் இது 36 நாற்காலிக்குச் சரியாக வருகிறது. காட்டில் இருந்தவர் வெறும் காலை விற்கவில்லை. தாம் காணாத ஒரு நாற்காலியின் கணக்கில் விற்றார்.

இருக்கைப் பலகைக்கு எல்ம் மரம். அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் ஓரத்தில் துளையிட்டாலும் பிளவாது. பலகையைத் தரையிலிட்டு அதன்மேல் கால்வைத்து நின்று, கால்களுக்கிடையே வாய்ச்சியை வீசி இருக்கையின் குழிவைச் செதுக்குவது தனியொருவர் வேலை. ஆஷ், யூ முதலிய மரக்குச்சிகளை ஆவியில் வேகவைத்து வளைப்பது மற்றொருவர் வேலை. துளையிட்டுக் கூட்டி முடிப்பவர் பட்டறையில் இருப்பவர். 19-ஆம் நூற்றாண்டில் இப்பிரிவினை முழுவடிவம் பெற்றது. 1875-இல் விக்கம் பகுதி நாளொன்றுக்கு 4,700 நாற்காலிகள் செய்ததாக மதிப்பிடப்பட்டது. ஆயினும் அதன் அடித்தளம் அதற்கு முன்பே இடப்பட்டிருந்தது.

இப்போது பட்டியலுக்குத் திரும்புவோம். நாற்காலி செய்பவர் என்ற பெயரை மட்டும் எண்ணினால் நமக்குக் கிடைப்பது பட்டறையில் இருந்தவர்களின் தொகை. குழியில் எல்ம் அறுத்தவர் மரம் அறுப்பவர் என்றே குறிக்கப்பட்டிருப்பார். அவர் அறுத்தது நாற்காலிக்கா வீட்டுக்கா என்பதை அப்பெயர் சொல்லாது. குளிர்காலத்தில் பீச் மரம் வெட்டி, கோடையில் அறுவடைக்குச் சென்றவர் ‘லேபரர்’ ஆகியிருப்பார். ஆகவே பட்டியல் தரும் எண்ணை நாற்காலித் தொழிலின் அளவாகக் கொள்ளாமல், அதன் குறைந்தபட்ச எல்லையாகக் கொள்வதே முறை. கால்கடைவோரைக் குறிக்க இன்று பரவலாக வழங்கும் ‘பாட்ஜர்’ என்ற சொல்லைப் பட்டியலில் தேடுவதும் பயன் தராது. அச்சொல் இப்பொருளில் அச்சேறியது 20-ஆம் நூற்றாண்டில்.

பட்டியலில் இடம்பெறாத தொழில்

கவுண்டியின் வடபகுதியில் ஓல்னி, நியூபோர்ட் பாக்னெல் ஆகிய ஊர்களைச் சுற்றி நிலைமை வேறு. அங்கே முதன்மையான கைத்தொழில் லேஸ் பின்னல். வைக்கோல் அடைத்த இறுகிய திண்டின்மேல், துளையிட்ட தோல்தாளில் வரைந்த கோலத்தை வைத்து, ஊசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவர். ஐந்தாறு வயதிலேயே குழந்தைகள் லேஸ் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். நூலும் கோலமும் தந்து, முடிந்த பின்னலை வாங்கிச் சென்றவர் வணிகர். பின்னியோர் மிகப் பெரும்பாலும் பெண்கள்.

ஓல்னியில் 1768 முதல் வாழ்ந்த கவிஞர் வில்லியம் கூப்பர் 1780-இல் ஜோசப் ஹில்லுக்கு எழுதிய கடிதத்தில், டார்ட்மத் பிரபுவுக்கு அவ்வூரார் அனுப்பிய விண்ணப்பத்தைக் குறிப்பிடுகிறார். அவ்வேழை ஊரில் 1,200 பேரையொட்டிய லேஸ் பின்னுவோர் இருந்தனர் என்பது அவ்விண்ணப்பத்தின் கருத்து. தாமும் அதில் கையொப்பமிட்டதாகவும், நூற்றுக்கணக்கானோர் பட்டினியின் விளிம்பில் இருப்பதைத் தாம் கண்கூடாகக் காண்பதாகவும் அவர் சொல்கிறார். விண்ணப்பம் என்பதால் எண்ணில் மிகை இருக்கலாம். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும், ஊரின் தலைமைத் தொழில் எது என்பதில் ஐயமில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட பட்டியலில் அதே ஊர் உழவுக்கூலிகள், காலணி செய்வோர், கடைக்காரர்கள் ஆகியோரின் ஊராகவே தோற்றமளிக்கிறது. காரணம் எளியது: பின்னிய கைகள் போருக்கு அழைக்கப்படும் கைகளல்ல.

இக்குறை ஆண்களின் பக்கத்தையும் கோணலாக்குகிறது. ஓல்னியின் உழவுக்கூலி ஒருவரின் குடும்பம் அவர் கூலியால் மட்டும் வாழ்ந்ததாக நாம் கணக்கிட்டால், அவர் மனைவியும் மகளும் திண்டின்முன் ஈட்டியது விடுபடும். ஜான் ஹீத்கோட் 1808, 1809 ஆண்டுகளில் வலைப்பின்னல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபின் இக்குடும்பங்களைத் தாக்கிய வருவாய்க் குறைவும் அப்போது விளங்காமற்போகும்.

பிற ஆவணங்களைக் கொண்டு ஓரளவு ஈடுசெய்ய இயலும். ஆனால் அவையும் ஆண்வழியே பேசுகின்றன. 1813 முதல் திருமுழுக்குப் பதிவேட்டில் அச்சிட்ட கட்டத்தில் தொழில் எழுதப்பட்டது. அது பெரும்பாலும் தந்தையின் தொழில். 1841-ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பில், கணவரோடு வாழும் மனைவியின் தொழிலை எழுதத் தேவையில்லை என்றே கணக்கெடுப்போர்க்கு அறிவுறுத்தப்பட்டது. பெண்களின் தொழிலையும் விரிவாகக் கேட்ட 1851-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பக்கிங்காம்ஷயரில் சுமார் 10,000 பேர் லேஸ் பின்னுவோராகப் பதிவாயினர். இயந்திர லேஸ் சந்தையை நிரப்பத் தொடங்கி அப்போது பல ஆண்டுகள் கடந்திருந்தன.