சிற்றுருப் போர் விளையாட்டுகளில் அணிவைப்பும் முந்துரிமையும்: இடத்திற்கும் காலத்திற்கும் இடையிலான பேரம்

ஆய்வுச்சுருக்கம்

மேசைமீது சிற்றுருவங்களை நகர்த்தி ஆடப்பெறும் கற்பனைப் போர் விளையாட்டுகளில், ஆட்டத் தொடக்கத்தில் படைகளைக் களத்தில் நிறுத்துவது அணிவைப்பு; யார் முதலில் செயல்படுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை முந்துரிமை. தனித்தனி விதிகளாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே பேரத்தின் இரு பக்கங்கள் என்பதை, வார்ஹேமர் ஏஜ் ஆஃப் சிக்மார் விளையாட்டின் இரண்டாம் பதிப்பை (2018) முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிற்றுருப் போர் விளையாட்டு, அணிவைப்பு, முந்துரிமை, இரட்டை முறை, நிகழ்தகவு.

முன்னுரை

எச்.ஜி. வெல்ஸ் 1913இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூல், பொம்மைப் படைவீரர்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகளை வகுத்தது. அதில் களத்தின் குறுக்கே ஒரு திரை கட்டப்படும். எதிரியின் வரிசையைக் காணாமலேயே இருவரும் தம் படைகளை நிறுத்துவர். இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983இல் வெளியிட்ட வார்ஹேமரின் மரபில் இத்திரை இல்லை. அதன் பிந்தைய பதிப்புகளில் இருவரும் ஒவ்வொரு பிரிவாக மாறி மாறி, ஒருவர் காண மற்றவர், நிறுத்துவது வழக்கமாயிற்று. திரை அகன்றதும் அணிவைப்பே ஓர் உரையாடலாக மாறியது.

ஒருவர் தம் படை முழுவதையும் இயக்கும் வாய்ப்பு ‘முறை’ எனவும், இருவரின் முறைகளும் சேர்ந்தது ‘சுற்று’ எனவும் இக்கட்டுரையில் குறிக்கப்பெறும்.

1. அணிவைப்பு: செய்தியை இழந்து காலத்தைப் பெறுதல்

மாறி மாறி நிறுத்தும் ஆட்டத்தில் பின்னர் வைப்பவருக்கே செய்தி மிகுதி. எதிரியின் வலிய பிரிவு எங்கு நிற்கிறது என்பதைக் கண்ட பிறகே அவர் தம் வலிய பிரிவை வைக்கிறார். ஆதலால் தேர்ந்த ஆட்டக்காரர், இடம் முன்னரே வெளிப்படையான பிரிவுகளையும், பின்னர் எளிதில் இடம்மாறக்கூடிய விரைவான பிரிவுகளையும் முதலில் வைப்பார். படையின் முதுகெலும்பான பிரிவைக் கடைசிவரை கையில் வைத்திருப்பார். பிரிவுகளின் எண்ணிக்கை மிகுந்தவருக்கு இவ்வாறு காத்திருப்பது எளிது.

இந்த நன்மைக்கு விதி ஒரு விலை வைத்துள்ளது. பழைய வார்ஹேமரின் பிந்தைய பதிப்புகளில், முதலில் நிறுத்தி முடித்தவர் முதல் முறைக்கான பகடை வீச்சில் ஒன்றைக் கூட்டிக்கொள்வார். ஏஜ் ஆஃப் சிக்மாரின் இரண்டாம் பதிப்பில் இவ்விலை மேலும் உயர்ந்தது. முதலில் முடித்தவரே முதல் சுற்றில் யார் முந்துவது என்பதைத் தேர்ந்தெடுத்தார். சில பிரிவுகளை ஒரு தொகுதியாக இணைத்தால் அவற்றை ஒரே வைப்பில் களத்தில் இறக்கலாம். அவ்வாறு இறக்குபவர் தம் திட்டம் முழுவதையும் எதிரிக்குக் காட்டிவிடுகிறார். அதற்கு ஈடாகத் தேர்வுரிமையைப் பெறுகிறார். செய்தியை இழந்து காலத்தைப் பெறும் பேரம் இதுவே.

2. முந்துரிமை: 36 வாய்ப்புகளின் கணக்கு

இரண்டாம் சுற்று முதல் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இருவரும் ஆளுக்கொரு பகடை உருட்டுவர். வென்றவர் யார் முந்துவது என்பதைத் தேர்வார். எண்கள் சமமானால் முந்திய சுற்றில் முதலில் ஆடியவருக்கே தேர்வுரிமை. மொத்த வாய்ப்புகள் 36. அவற்றுள் ஒருவர் வெல்பவை 15, மற்றவர் வெல்பவை 15, சமநிலை 6. ஆகவே முதலில் ஆடியவருக்குத் தேர்வுரிமை கிடைக்கும் வாய்ப்பு 21/36. பின்னர் ஆடியவருக்கு 15/36, அதாவது ஏறத்தாழ 42 விழுக்காடு.

பின்னர் ஆடியவர் வென்று முந்தினால், இடையில் எதிரியின் முறை வராமல் தொடர்ந்து இருமுறை ஆடுகிறார். இதுவே இரட்டை முறை. தேர்வுரிமை பெற்றவர் முதல் சுற்றில் முந்தாமல் எதிரிக்கு வழிவிடுவதற்கும் இவ்வாய்ப்பே காரணம்.

3. இரட்டை முறையும் இடைவெளியும்

ஒரு முறைக்கு 5 அங்குலம் நகரும் காலாட்படை 18 அங்குலத்தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். நகர்ந்தபின் பாய்ந்து தாக்க இரு பகடைகளின் கூட்டுத்தொகை அளவு செல்லலாம். எனவே ஒரு முறையில் அதன் எல்லை 17 அங்குலம், அத்தாக்குதல் இயலாது. இரட்டை முறையிலோ நிலை வேறு. முதல் முறையில் நகர்ந்து ஓடும்போது ஓட்டப் பகடை 3 காட்டினால் 8 அங்குலம் கடக்கும். அடுத்த முறையில் மேலும் 5 நகர, எஞ்சுவது 5 அங்குலம். இரு பகடைகளில் 5 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 36இல் 30. இயலாதிருந்த தாக்குதல் பெரும்பாலும் உறுதியாகிறது.

ஆதலால் முதலில் ஆடுபவர் தம் முறையின் முடிவில் அளக்க வேண்டியது எதிரியின் இரு முறைத் தொலைவு. மலிவான பிரிவொன்றை முன்னே தடுப்பாக நிறுத்துவது இதனால்தான். எதிரிப் பிரிவின் 3 அங்குலத்திற்குள் இயல்பான நகர்வால் புக இயலாது என்பதால், அத்தடுப்பு தாக்குதலைத் தன்மேல் வாங்கிக்கொண்டு பின்னுள்ளவற்றைக் காக்கிறது. அதற்கான இடம் அணிவைப்பின்போதே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரட்டை முறை கடனைப் போன்றதும் ஆகும். அதைப் பெற்றவர் அச்சுற்றில் முதலில் ஆடியவராகிறார். அடுத்த சுற்றில் அதே 15/36 இடர் அவர்மேல் திரும்புகிறது. எதிரியை முறிக்கும் வலிமை இல்லாதபோது அதை மறுப்பதும் உத்தியே.

4. ஓர் ஒப்பீடு

அதே நிறுவனம் 2001இல் வெளியிட்ட லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் போர் விளையாட்டில் சமநிலை விதி நேர்மாறானது. பகடை எண்கள் சமமானால் முந்துரிமை மற்றவருக்கு மாறும். அங்கு நகர்வு, எய்தல், கைகலப்பு என ஒவ்வொரு கட்டத்திலும் இருதரப்பும் செயல்படுவதால், தொடர்ந்து இருமுறை நகரும் வாய்ப்பின் கேடு குறைவு. ஏஜ் ஆஃப் சிக்மாரின் இரண்டாம் பதிப்பில் கைகலப்பில் இருவரும் மாறி மாறி அடித்தனர்; ஏனையவை பெரும்பாலும் முறைக்குரியவருக்கே உரியவையாயிருந்தன. அதனால்தான் இங்குச் சமநிலை இரட்டை முறைக்கு எதிராக வைக்கப்பட்டது எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

இரட்டை முறை ஆட்டத்தை வெறும் அதிர்ஷ்டத்திடம் ஒப்படைக்கிறது என்னும் குற்றச்சாட்டு ஆட்டக்காரரிடையே உண்டு. பகடை வீழ்வதை யாரும் கட்டுப்படுத்த இயலாது என்பது மெய்யே. எனினும் அதன் வாய்ப்பு முன்கூட்டியே அறியப்பட்டது. அதனால் விளையும் இழப்பின் அளவோ அணிவைப்பாலும் இடைவெளியாலும் வரையறுக்கப்படுவது. ஒரு விளையாட்டின் நேர்மையை மதிப்பிடும் ஆய்வாளர், முந்துரிமை விதியைத் தனியே பிரித்து நோக்காமல், அதற்கு எதிராக முன்னேற்பாடு செய்ய அணிவைப்பு விதி எவ்வளவு இடமளிக்கிறது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.