முகவர் மென்பொருள்: ஆரவாரத்திலிருந்து பயன்பாட்டிற்கு

கேட்ட வினாவிற்கு விடையளிக்கும் மென்பொருள் ஒருவகை. ஒப்படைத்த பணியைத் தானே பல படிகளாகப் பகுத்துச் செய்து முடிக்கும் மென்பொருள் மற்றொரு வகை. இரண்டாவது வகையே செயற்கை நுண்ணறிவு முகவர் என அழைக்கப்படுகிறது. ஓய்வூதிய விதியை விளக்கிக் கூறுவது முதல் வகையின் வேலை. பணிப்பதிவேட்டைப் படித்து, தொகையைக் கணக்கிட்டு, ஆணையின் வரைவை உரிய பிரிவுக்கு அனுப்பி வைப்பது முகவரின் வேலை. விளக்கத்தில் நேரும் பிழையைத் திருத்திக் கொள்ளலாம். செயலில் நேரும் பிழையோ ஒரு குடும்பத்தின் வருவாயையே நிறுத்திவிடக்கூடும். ஆதலின், இத்தொழில்நுட்பம் இன்று எந்நிலையில் உள்ளது என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

தொடக்கமும் ஏமாற்றமும்

2022 அக்டோபரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் கூகுள் நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் ‘ரியாக்ட்’ என்னும் முறையை வெளியிட்டனர். இம்முறையில் மொழி மாதிரி தன் சிந்தனையை எழுதும்; பின்னர்த் தேடல் போன்ற ஒரு கருவியை இயக்கும்; கிடைத்த விளைவைக் கண்டு அடுத்த படியை முடிவு செய்யும். அடுத்த மாதம் சாட்ஜிபிடி வெளிவந்தது. 2023 மார்ச்சில் ஆட்டோஜிபிடி அறிமுகமானபோது, இலக்கை மட்டும் கூறினால் போதும், எஞ்சியவற்றை முகவரே பார்த்துக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பு எங்கும் பரவியது. ஆனால் நடைமுறையில் அது செய்ததையே திரும்பத் திரும்பச் செய்து, பணியை முடிக்காமலேயே நின்றுவிடுவது வழக்கமாயிற்று.

இதன் காரணத்தை எளிய கணக்கால் உணரலாம். ஒவ்வொரு படியும் 95 விழுக்காடு சரியாக அமையும் எனக் கொள்வோம். 10 படிகள் கொண்ட பணி பிழையின்றி முடியும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடாகக் குறைகிறது. 20 படிகளாயின் அது 36 விழுக்காடே. படிகளின் எண்ணிக்கை பெருகப் பெருகச் சிறு பிழையும் பெரும் இழப்பாகிறது.

ஒரே பணியை ஒவ்வொரு முறையும் ஒரே வகையில் செய்யாமை மற்றொரு குறையாகும். வாடிக்கையாளர் சேவைப் பணிகளைக் கொண்டு 2024-இல் நடத்தப்பட்ட ஒரு சோதனையில், அந்நாளைய முன்னணி மாதிரிகள் பாதிக்கும் குறைவான பணிகளையே முடித்தன. சில்லறை வணிகப் பிரிவில், ஒரே பணியை 8 முறையும் தவறாது முடித்தது 25 விழுக்காட்டிற்கும் குறைவான பணிகளில்தான். ஒரே தகுதியுடைய இருவருக்கு இருவேறு முடிவு வழங்குவது நிர்வாகத்தில் ஏற்கத்தக்கதன்று.

பயன் தந்த துறை

முகவர்கள் முதன்முதலாகக் குறிப்பிடத்தக்க பயன் அளித்த துறை நிரல் எழுதுதலாகும். மென்பொருட்களில் நேர்ந்த உண்மையான பழுதுகளைத் திருத்துமாறு பணிக்கும் ‘எஸ்.டபிள்யூ.இ.-பெஞ்ச்’ என்னும் சோதனை 2023 அக்டோபரில் வெளிவந்தபோது, முதலிடம் பெற்ற மாதிரி தீர்த்தவை 2 விழுக்காட்டிற்கும் குறைவு. சோதனையிலிருந்து சரிபார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட 500 பழுதுகளில், 2025-இல் முன்னணி மாதிரிகள் 70 விழுக்காட்டைக் கடந்தன. இரண்டும் ஒரே தொகுப்பல்லவாயினும், முன்னேற்றத்தின் அளவு தெளிவாகும்.

மாதிரிகளின் திறன் வளர்ந்தது இதற்கு ஒரு காரணம். எழுதிய நிரலை உடனே இயக்கிப் பார்க்க இயலும் என்பது மற்றொன்று. சோதனையில் தவறினால் முகவர் அதனை அறிந்து திருத்திக்கொள்கிறது. செய்த மாற்றத்தைப் பொறியாளர் பார்வையிட்டு ஏற்கலாம் அல்லது நீக்கலாம். குறுகிய பணி, உடனே சரிபார்க்கத்தக்க விளைவு, இறுதியில் மனிதரின் ஒப்புதல் ஆகிய மூன்றும் அமைந்த இடத்தில் முகவர் பயனுள்ள கருவியாகிறது. இவை அமையாத திட்டங்கள் பலவும் கைவிடப்படும் என்பதே வல்லுநர் கருத்து. செலவு, தெளிவற்ற பயன், போதிய கட்டுப்பாடின்மை ஆகிய காரணங்களால், இத்தகைய திட்டங்களில் 40 விழுக்காட்டிற்கும் மேற்பட்டவை 2027 இறுதிக்குள் கைவிடப்படும் என கார்ட்னர் நிறுவனம் 2025 ஜூனில் மதிப்பிட்டது.

நம் நாட்டுச் சூழல்

பிரதமரின் கிசான் திட்டத்தின்கீழ் உழவர்களுக்கு ஆண்டிற்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளில் வழங்கப்படுகிறது. இது குறித்த ஐயங்களைத் தீர்க்க ‘கிசான் இ-மித்ரா’ என்னும் உரையாடல் மென்பொருள் 2023 செப்டம்பரில் அறிமுகமாயிற்று. தமிழ் உள்ளிட்ட 5 மொழிகளில் தொடங்கி, பின்னர் 11 மொழிகளுக்கு விரிவடைந்தது. இது முதன்மையாக விடையளிக்கும் வகையைச் சார்ந்தது.

இத்தகைய திட்டமொன்றில் நில ஆவணத்தையும் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிடும் பணி முகவரிடம் ஒப்படைக்கப்படுவதாகக் கொள்வோம். ஓர் ஆவணத்தில் தமிழிலும் மற்றொன்றில் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட பெயரை முகவர் இருவேறு நபர்களின் பெயராகக் கருதினால், தகுதியுள்ள உழவரின் 2,000 ரூபாய்த் தவணை நின்றுவிடும். வேறுபாட்டைக் கண்டறிந்து, காரணத்தை எழுதி, அலுவலரின் முன் வைப்பது முகவரின் பணியாக இருக்கலாம். தவணையை நிறுத்தும் அதிகாரம் அதற்கு இருத்தல் ஆகாது. எழுத்தர் குறிப்பெழுத, அலுவலர் கையொப்பமிடும் நம் அலுவலகக் கோப்பு முறையின் கருத்தும் இதுவே. மேலும், முகவர் படிக்கும் ஆவணத்தினுள் மறைத்து வைக்கப்பட்ட கட்டளைகளை அது உண்மையான ஆணையெனக் கொள்ளும் அபாயமும் உண்டு. ஆகவே படிக்கும் உரிமையையும் பணம் விடுவிக்கும் உரிமையையும் பிரித்து வைத்தல் வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

தவறு நேர்ந்தால் கணிப்பொறியின்மீது பழி சுமத்த இயலாது. தானாக இயங்குமாறு ஒருவர் சார்பில் நிரலிடப்பட்ட அமைப்பு அனுப்பும் மின்னணுப் பதிவு, அவருடையதாகவே கொள்ளப்படும் என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு கூறுகிறது. விமான நிறுவனம் ஒன்றின் உரையாடல் மென்பொருள் கட்டணச் சலுகை பற்றித் தவறாகக் கூறிய வழக்கில், நிறுவனமே பொறுப்பு என 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண நடுவமும் முடிவு செய்தது.

எனவே முகவரைப் பணியில் அமர்த்த எண்ணும் துறை, எப்பணியை அதனிடம் ஒப்படைப்பது, விளைவை எவ்வாறு சரிபார்ப்பது, எந்தப் படியில் அலுவலரின் ஒப்புதல் தேவை, பாதிக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது என்பனவற்றை முன்கூட்டியே எழுத்தில் வரையறுத்தல் வேண்டும். இவ்வரையறைகள் அமைந்த பின்னரே முகவர் மென்பொருள் மக்களுக்குப் பயன்தரும் கருவியாக விளங்கும்.