‘தமிழ்’ எப்படி ‘ஜேகேபிஓ’ ஆகிறது?

பல்கலைக்கழக நூலகம். கணினி முன்னால் பார்வையற்ற மாணவி ஒருவர், காதில் ஹெட்போனுடன். மவுஸ் பக்கம் கையே போகவில்லை. ‘இ’ விசையைத் தட்டுகிறார். தேடல் பெட்டி வந்துவிடுகிறது. ஆசிரியர் பெயரை அடிக்கிறார். பிறகு ‘எச்’ தட்டத் தட்ட, தலைப்பு தலைப்பாகத் தாவுகிறார். அந்தக் குரல் ஓடும் ஓட்டத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. பழகிய காதுக்கு அது சாதாரணம்.

பேசுவது என்விடிஏ என்னும் திரைவாசிப்பான். பார்வையற்றவரான மைக்கேல் கரன், ஆஸ்திரேலியாவில் 2006-இல் எழுதத் தொடங்கிய இலவச மென்பொருள். தமிழும் வாசிக்கும். மின்னணு பிரெயில் கருவியை இணைத்தால், சிறு முனைகள் எழுந்தும் அமிழ்ந்தும் அதே வரியை விரல்நுனிக்குக் கொண்டுவரும்.

புத்தகம் கிடைத்துவிட்டது. கோப்பைத் திறந்தால் சத்தமே இல்லை! ஸ்கேன் செய்த பக்கம் கணினியைப் பொறுத்தவரை வெறும் படம். வாசிக்க அதில் எழுத்தே கிடையாது. ஓசிஆர் மென்பொருளால் எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். மங்கிய பழைய அச்சில் துணைக்கால் ‘ர’ ஆகிவிடும். ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தியாக வேண்டும்.

தமிழுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. யூனிகோடு பரவும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் ஏராளமாகத் தட்டச்சு செய்தார்கள். கண்ணுக்குத் தெரிவது ‘தமிழ்’; கோப்புக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். திரைவாசிப்பான் உள்ளிருப்பதைத்தான் வாசிக்கும். இப்படியே முந்நூறு பக்கம் என்றால் அந்த மாணவி என்ன செய்வார்? யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. நூலகமே மாற்றிக் கொடுப்பதுதான் முறை.

சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 2012-இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்காக அணுகத்தக்க வடிவில் படியெடுக்க இடம் தருகிறது. இத்தகைய படியெடுப்புக்கு உலக அளவில் வழிசெய்ய 2013-இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கைக்கு, மறு ஆண்டே முதல் நாடாக ஏற்புறுதி அளித்ததும் இந்தியாதான். 2016-இல் தொடங்கிய ‘சுகம்ய புஸ்தகாலயா’ இணைய நூலகத்தில் அத்தகைய நூல்களை இறக்கிக்கொள்ளலாம்.

ஆய்வு மாணவருக்கு இன்னொன்றும் வேண்டும்: பக்க எண். மேற்கோள் எந்தப் பக்கம் என்று எழுதாமல் ஆய்வேடு நிற்காது. எழுத்தை மட்டும் உருவி எடுத்த கோப்பில் அது பெரும்பாலும் தொலைந்துவிடும். டெய்சி என்னும் அணுகத்தக்க மின்நூல் வடிவில் ஒழுங்காகத் தயாரித்த நூலில் அச்சுப் பக்க எண்களும் குறிக்கப்பட்டிருக்கும். ‘பக்கம் 147’ என்று கொடுத்தால் போதும், குரல் அங்கிருந்து வாசிக்கத் தொடங்கிவிடும்.