பின்வரிசைப் பிள்ளைக்கும் ஒரு வரி

‘கப்ரியெலா’ பாட்டில் ஒருத்தி இன்னொருத்தியிடம் கெஞ்சுகிறாள், தன் காதலனைப் பறித்துவிடாதே என்று. அந்தக் கெஞ்சலை ஆறு பெண்கள் பங்கு போட்டுப் பாடுகிறார்கள். கட்ஸ்ஐ என்ற பெண்கள் குழு 2025 யூன் 20ஆம் திகதி வெளியிட்ட தனிப்பாட்டு அது. நான் வட இலங்கையின் தொண்டைமானாற்றில் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுப்பவள். வர்ணமும் கீர்த்தனையும் பழகிய காதோடுதான் இதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கக் கேட்க, எங்கள் பிள்ளைகளின் குழுப்பாட்டைப் பற்றிய யோசனைதான் எனக்குள் வளர்ந்தது.

பாட்டை என்னிடம் கொண்டுவந்தவள் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. வகுப்பு முடிந்து சுருதிப்பெட்டியை மூடியதும் போனை நீட்டினாள்.

“ரீச்சர், இதைப் பாருங்கோ. பொட்டு வைச்சுக்கொண்டு ஆடுறா.”

“ஆர் பிள்ளை அது?”

“லாரா ராஜ். தமிழ்ப் பிள்ளை ரீச்சர்!”

அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் மதிக்கிறேன். லாரா அமெரிக்காவில் 2005இல் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அக்கா ரியா ராஜும் பாடகி. உலக மேடையில் நெற்றிப் பொட்டோடு நிற்கும் ஒரு பெண்ணைத் தொண்டைமானாற்றுப் பிள்ளை தன் ஆள் என்று சொல்வது சின்ன விசயமல்ல.

குழு உருவான விதத்தையும் சொல்ல வேண்டும். கொரியாவின் ஹைப் நிறுவனமும் அமெரிக்காவின் கெஃபன் நிறுவனமும் சேர்ந்து பல நாடுகளில் பெண்களைத் தேடின. விண்ணப்பங்கள் ஒரு இலட்சத்து இருபதாயிரம் என்றார்கள். தேர்ந்த இருபது பேரைப் போட்டிக்கு விட்டு, 2023 நவம்பரில் ஆறு பேரை அறிவித்தார்கள்: பிலிப்பைன்ஸின் சோபியா, சுவிற்சர்லாந்தின் மனோன், கொரியாவின் யூன்சே, அமெரிக்காவின் லாரா, டானியெலா, மேகன். குழுவின் பெயரை வைடூரியக் கல்லிலிருந்து எடுத்தார்கள். அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றி 2024இல் நெற்பிளிக்ஸில் ஒரு தொடர் வந்தது. பிள்ளைகளை வரிசைப்படுத்தி, தரம் போட்டு, ஒவ்வொருத்தியாக வீட்டுக்கு அனுப்புவதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. போட்டி என்று சொல்லி நாங்களும் பிள்ளைகளை இப்படித்தான் வாட்டுகிறோம். அந்த வழியை எவரும் பின்பற்றத் தேவையில்லை.

தனிப்பாட்டு என்பது தொகுப்பிலிருந்து ஒரு பாட்டை மட்டும் பிரித்து முன்னால் அனுப்புவது. இசைத்தட்டுக் காலத்தில் நிமிடத்துக்கு 45 தரம் சுற்றும் சின்னத் தட்டில் வந்தது, இப்போது நேரே இணையத்தில் ஏறுகிறது. ‘கப்ரியெலா’ வந்து ஒரு வாரத்தில் ‘பியூட்டிஃபுல் கேயாஸ்’ என்ற தொகுப்பு வந்தது. பாட்டை எழுதியவர்களில் ஆங்கிலப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸும் ஒருவர். காணொளியை இலத்தீன் அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகப் பாணியில் எடுத்து, நடிகை ஜெசிக்கா அல்பாவையும் நடிக்க வைத்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் பாட்டு இடம்பிடித்தது.

பெண்கள் சேர்ந்து பாடித் தட்டு வெளியிடுவது புதிதல்ல. 1964இல் டெற்றொயிற் நகரத்து சுப்ரீம்ஸ், 1996இல் இங்கிலாந்தின் ஸ்பைஸ் கேர்ள்ஸ், 2002இல் இந்தியாவில் சனல் வி தேர்ந்தெடுத்த விவா. விவாவில் இருந்த நேகா பசின் பிறகு ‘சத்தம் போடாதே’ படத்தில் யுவன் சங்கர் ராஜா இசையில் தமிழிலும் பாடினார். எங்கள் நாட்டிலேயே இந்திராணி பெரேராவும் சகோதரிகளும் ‘த்ரீ சிஸ்ரர்ஸ்’ என்ற பெயரில் சிங்களத்தில் பாடினார்கள். ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை என்றதும் நினைவுக்கு வருபவர்களோ நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும். எனக்கு இருவரையும் பிடிக்கும். ஆனால் அந்த வரிசையில் பெண்கள் குழு ஒன்றைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது.

இனி என் தொழில். ‘கப்ரியெலா’வில் கிற்றார் ஸ்பானிய வாசனையோடு நடக்கிறது. ஒருத்தி தாழ்ந்த குரலில் பேசுவதுபோல் தொடங்கி, அடுத்தவள் ஏற்று, பல்லவிக்கு முன் குரல்கள் நெருக்கமாகி, பல்லவியில் அந்தப் பெயரை எல்லோரும் கூப்பிடுகிறார்கள். நடுவில் டானியெலா ஸ்பானிய மொழிக்குத் தாவுகிறாள். கியூபா, வெனிசுலா வழிவந்த குடும்பத்துப் பெண் அவள். அவள் வீட்டு மொழி பாட்டுக்குள் வந்துவிட்டது. பல்லவியைக் கவனித்துக் கேளுங்கள். எல்லோரும் ஒரே சுரத்தில் நிற்கவில்லை. மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல், நடுவில் மூலமெட்டு. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒருத்தியையே பல தடவை பாடவைத்து அடுக்குவதும் உண்டு. யாருக்கு எந்த வரி என்று பிரிப்பதே ஒரு தனிக் கலை. காற்றுக் கலந்த மெல்லிய குரலுக்குத் தொடக்கம், ஓங்கும் குரலுக்கு உச்சம், கனத்த குரலுக்கு அடித்தளம். நாலு தரம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே இது இன்னாள் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் குழுப்பாட்டில் அது முடியாது. பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும்போது ஐந்து கட்டை அல்லது ஐந்தரைக் கட்டை சுருதி வைத்து எல்லோரையும் ஒரே மெட்டில் பாடவைப்போம். ஒருமித்துக் கேட்பதே அழகு என்பது எங்கள் மரபு. மார்கழியில் விடியப்புறம் திருவெம்பாவை பாடிக்கொண்டு வரும்போது அந்த ஒருமிப்பு உடம்பைச் சிலிர்க்க வைக்கும். அதை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் கட்டைக் குரல் உள்ள பிள்ளைக்கு ஐந்தரைக் கட்டை எட்டாது. அவளைப் பின்வரிசையில் நிறுத்தி, “சத்தம் போடாமல் வாயை மட்டும் அசை” என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளைகள் பிறகு வீட்டில்கூடப் பாடுவதில்லை. நல்ல குரல்கள் இப்படி மூடப்பட்டுப்போவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுக்காது.

இன்னொரு குறையும் உண்டு. பிள்ளைகள் மாதக்கணக்கில் பழகிய பாட்டு, போட்டி முடிந்து சான்றிதழ் வாங்கியதோடு முடிந்துவிடும். ஒருவரும் அதைப் பதிவுசெய்வதில்லை. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு ஒவ்வொரு தரமாகப் படித்து ஏறிய பிள்ளைகள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர். சுருதி பிசகாமல் பாடத் தெரிந்த ஆறு பேரை வல்வெட்டித்துறைக்கும் அச்சுவேலிக்கும் இடையில் திரட்டுவது கடினமே இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒலிப்பதிவுக் கூடங்கள் இருக்கின்றன. பெடியள் பாட்டெழுதி, காணொளி எடுத்து யூரியூப்பில் போடுகிறார்கள். பெண்பிள்ளைகள் கேட்டால் மட்டும், “உயர்தரம் முடியட்டும்” என்று சொல்லிவிடுகிறோம். எங்கள் ஊரின் பெயரை வடக்கில் படித்தவர்களில் பலர் முதலில் பார்த்தது தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்துப் பரீட்சை வினாத்தாளின் தலைப்பில்தான். படிப்பின் பெறுமதி எனக்கும் தெரியும். அதற்காகப் பாட்டைப் பூட்டிவைக்க வேண்டியதில்லை.

என் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பாட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சிலேயே எழுதச் சொன்னேன். ஆற்றுவாயில் மண் மூடுவது, செல்வச்சந்நிதி கோயில் திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தது, கனடாவிலிருந்து வந்த மச்சாள் தமிழில் தடுமாறியது எல்லாம் வருகின்றன. மெட்டு இன்னும் சரிவரவில்லை. அனுபல்லவி நீண்டுபோய் நிற்கிறது. தவணைப் பரீட்சை முடிந்ததும் ஒத்திகை. சுருதியை நான்கு கட்டைக்கு இறக்கி, உச்சத்துக்கு மட்டும் இரண்டு பிள்ளைகளைத் தனியே ஏறவிடப் போகிறேன். பல்லவியின் முதல் வரி கட்டைக் குரல்காரிக்கு. அவள் தாயிடமும் சொல்லிவிட்டேன்.