விளக்கும் இரத்தப்பழியும்

போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலமலைச் சரிவில், பயிரை அழிக்க வந்த பன்றியென்று எண்ணி ஒருவன் இருளில் சுட, அயலான் மாண்டுபோனான் என்று கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு, கவனக்குறைவால் விளையும் இத்தகைய மரணத்தைப் பற்றியதாகும். ஆயினும் தீர்ப்புக்குப் பின்னரும் இரு குடும்பங்களும் ஒரே ஆலயத்தில் அமரவேண்டியிருக்கும். அவர்களிடையே நிற்கும் போதகருக்கு, முன்னோர் இவ்வழக்கை எவ்வாறு தீர்த்தனர் என்பது பயன்தரும்.

சோழர் காலக் கல்வெட்டுகள் சில இதே வழக்கைக் கூறுகின்றன. வேட்டையில் எய்த அம்பு தவறி மனிதன்மேல் பட்டது. நாட்டாரும், சில இடங்களில் சாத்திரம் கற்ற பட்டர்களும் கூடி ஆராய்ந்தனர். கொன்றவன் யார் என்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கொல்லும் எண்ணம் இருந்ததா என்றும் நோக்கினர். இல்லையெனக் கண்டபோது, அவன் சாகவேண்டுவதில்லை, கோயிலில் நந்தாவிளக்கு எரிக்கக்கடவன் என்று தீர்த்தனர். விளக்கொன்றுக்கு வழக்கமாக 96 ஆடுகள். 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்ட அம்மந்தையை ஏற்ற இடையர், எண்ணிக்கை குன்றாமல் காத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர்.

11ஆம் நூற்றாண்டில் கீவ் நாட்டு ஸ்லாவியரும் இக்கேள்வியை எதிர்கொண்டனர். 'ருஸ்காயா பிராவ்தா' என்னும் அவர்தம் சட்டம், பழிவாங்கும் உரிமையை முதலில் நெருங்கிய உறவினர்க்கு மட்டும் வரையறுத்தது. பழிவாங்குவோர் இல்லையெனில் 40 கிரிவ்னா செலுத்தவேண்டும். 1054இல் மறைந்த யாரோஸ்லாவின் புதல்வர்கள் பழிக்கொலையை நீக்கிப் பொருளீட்டையே நிலைநாட்டினர்.

இரண்டும் இரத்தம் மேலும் சிந்தாதபடி தடுத்தன. அது பெரும் நன்மையே. ஆனால் ஸ்லாவியச் சட்டத்தில் இறந்தவனின் உறவினருக்கும் பங்கு உண்டு. நம் கல்வெட்டுகளோ விளக்கையும் ஆட்டையும் கணக்கிடுகின்றன. விதவையும் பிள்ளைகளும் என்ன பெற்றனர் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

எண்ணாகமம் 35ஆம் அதிகாரம் வேறொரு வழியைக் காட்டுகிறது. கைப்பிசகாய்க் கொன்றவனுக்கும் பழிவாங்குகிறவனுக்கும் நடுவே சபையார் நியாயந்தீர்க்கின்றனர். அவன் பிழைக்கிறான், ஆயினும் பிரதான ஆசாரியன் மரிக்கும்வரை அடைக்கலப்பட்டணத்திலேயே தங்கவேண்டும். பணங்கொடுத்து முன்னதாகத் திரும்ப இயலாது. எண்ணமின்றிச் செய்தாலும் உயிர் விலையற்றது என்பதே அதன் பொருள்.

ஆகவே, இத்தகைய துயரத்தில் ஆலயத்துக்குக் காணிக்கை செலுத்திவிட்டால் ஒப்புரவு ஆயிற்று என்று நாம் அமைந்துவிடலாகாது. பீடத்தண்டை வருமுன், போதகரும் அவனும் சேர்ந்து ஏறவேண்டிய படி, இறந்தவனுடைய வீட்டுப் படியே.