தடுப்பூசியும் தோள்வலியும்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் ஆலைகளில் தகடு கிழித்துக் காயம்படுவோருக்கு இசிவுநோய்த் தடுப்பூசி போடுவது அன்றாட வழக்கம். போட்ட இடம் ஓரிரு நாள் வலிப்பது இயல்பே. சிலருக்கோ மாதக்கணக்கில் கையைத் தலைக்குமேல் தூக்க இயலாது. எனக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவர் இவ்வாறு தவிப்பதைக் கண்டே, சட்டத்தில் இதற்கு வழியுண்டா என்று தேடினேன்.

இதில் குற்றம் பெரும்பாலும் ஊசி இறங்கிய இடத்தினுடையது. தோள் உச்சியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதையின் நடுவில் குத்த வேண்டும். மேலே குத்தினால் மூட்டருகே உள்ள மசகுப்பையில் மருந்து இறங்கி அழற்சி உண்டாகிறது.

அமெரிக்காவில் இதற்கென்றே 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி நிதி ஒன்று உண்டு. ஊசி தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி விதித்துத் திரட்டும் நிதி அது. 2017இல் தோள் காயமும் அதன் அட்டவணையில் சேர்ந்தது. வலி 48 மணி நேரத்திற்குள் தொடங்கி ஆறு மாதத்திற்கு மேல் நீடித்தால், எவர் தவறென்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில், மருந்துச் சோதனையில் பங்கேற்போருக்கு 2019ஆம் ஆண்டு விதிகள் இழப்பீடு வகுத்துள்ளன. ஆயினும் பாதை எளிதன்று. 2020இல் கொரோனா ஊசிச் சோதனையில் பங்கேற்ற சென்னை அன்பர் ஒருவர் 5 கோடி ரூபாய் கேட்டு வக்கீல் அறிவிப்பு விடுத்தார். நிறுவனமோ, ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று மறுத்து, 100 கோடிக்கு மேல் கேட்டு வழக்குத் தொடுப்போம் என்றது! பொதுமக்களைப் பொறுத்தவரை, உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்றே 2022 நவம்பரில் மைய அரசு உச்சநீதிமன்றத்தில் கூறியது. அங்கே கவனக்குறைவை மெய்ப்பிக்கும் சுமை நம்முடையது.

தொழிலாளருக்குப் பயன்படக்கூடியது நுகர்வோர் சட்டம். எல்லார்க்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை அதில் வராது என 1995இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தனியார் மருத்துவமனைக்கு ஆலை நிர்வாகம் பணம் கட்டியிருந்தால், ஊசி போட்டுக்கொண்ட தொழிலாளியும் நுகர்வோரே என்று அதே தீர்ப்பிலிருந்து கொள்ளலாம். இதை நம் பகுதியில் அறிந்தோர் சிலரே. 'நான் காசு கொடுக்கவில்லையே, எப்படிக் கேட்பது?' என்றுதான் அந்த நண்பரும் ஒதுங்கியிருந்தார்.

முறையீட்டை இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தர வேண்டும். தாமதத்திற்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கவும் கூடும். ஊசி போட்ட நாள், மருந்தின் தொகுதி எண், வலி தொடங்கிய நாளைக் குறித்த மருத்துவர் சீட்டு, ஸ்கேன் அறிக்கை ஆகியவை கையில் இருத்தல் வேண்டும். தொகுதி எண்ணை அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்வது நலம். பிறகு குப்பிக்கு எங்கே போவது?